கணினியின் முகவரி

ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவெண் இருப்பின், அஞ்சற்காரர் என் செய்வார்? ஒருவர்க்கு வந்த மடல் மற்றவர் கையிற் சேரும். கணினிகளுக்கும் இவ்விடர் உண்டு.

1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று இன்றும் வழக்கிலுள்ள இணைய நெறியின்படி, முகவரி என்பது நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். இவ்வாறு ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆதலின், வீட்டினுள் மட்டும் வழங்கத்தக்க முகவரிகள் சில தனியே ஒதுக்கப்பெற்றன. 192.168 என்று தொடங்குவன அவற்றுட் சில. உங்கள் வீட்டிலும் அயல்வீட்டிலும் 192.168.1.5 என்னும் முகவரி இருக்கலாம். ஆனால், ஒரே வீட்டில் இரு கருவிகள் அதனைக் கொள்ளலாகா.

பெரும்பாலும் ரௌட்டர் எனப்படும் திசைவியே முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும். நாமே குறிக்க நேரின், நான்கினைக் கருதுதல் வேண்டும். அவை கணினியின் முகவரி, வீட்டு வலையின் எல்லையைக் காட்டும் எண், வெளிச்செல்லும் வாயிலாகிய திசைவியின் முகவரி, தளப்பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர்வழங்கியின் முகவரி என்பன. வாயிலைப் பிழைபடக் குறித்தால், கணினி வீட்டு அச்சுப்பொறியோடு பேசும்; வெளியுலகோடு பேசாது. பெயர்வழங்கியைப் பிழைபடக் குறித்தால், இணைப்பு இருந்தும் தளங்கள் திறவா. மேலும், திசைவி பகிர்ந்தளிக்கும் வரிசைக்குப் புறம்பான எண்ணையே தேர்தல் வேண்டும். இன்றேல், அவ்வெண்ணை அது பிறிதொரு கருவிக்கும் அளித்துவிடக்கூடும்.

பிழையாகக் குறிப்பினும் கணினி குறித்தவாறே ஒழுகும். ஆதலின் மாணவர்களே, மாற்றுமுன் பழைய எண்களை ஏட்டிற் குறித்து வைத்தல் அறிவுடைமையாகும்.