க்வில்ட் தைக்கப் போறீங்களா? முதல்ல ஊசி நம்பரைப் பாருங்க!

திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரைக்கும் களைகட்டும் ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில துணியை அள்ளிட்டு வந்தாச்சு. யூடியூப் பார்த்து க்வில்ட் தைக்கவும் உட்கார்ந்தாச்சு. பத்தே நிமிஷத்துல நூல் அறுந்துபோகுது, தையல் விட்டு விட்டு விழுது. உடனே மெஷினைத் திட்டாதீங்க. பல நேரம் பிரச்னை ஊசியிலதான் இருக்கும்.

ஏன் ஊசி இவ்வளவு முக்கியம்?

மேலே ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, அடியில இன்னொரு துணி. இந்த மூணு அடுக்கும் சேர்ந்ததுதான் க்வில்ட். ஊசி இது எல்லாத்தையும் துளைச்சு கீழே போய், திரும்ப மேலே ஏறும்போது நூல் ஒரு சின்ன வளையமாகும். அதை மெஷினோட ஹூக் பிடிச்சால்தான் தையல் விழும். மெல்லிய ஊசி கனமான துணியில வளையும். ஹூக் வளையத்தைத் தவறவிடும்.

நம்பர் என்ன சொல்லுது?

பாக்கெட்டில் 90/14 என்று இருந்தால், ஊசியின் கனம் 0.90 மில்லிமீட்டர். 14 என்பது அதே அளவுக்கான அமெரிக்க எண்.

* 75/11: மெல்லிய பருத்தி, மெல்லிய நூல், சன்னமான பஞ்சு.
* 80/12: துண்டுத் துணிகளை ஒண்ணோட ஒண்ணு இணைக்க.
* 90/14: மூணு அடுக்கையும் சேர்த்துத் தைக்க. சென்னிமலை பெட்ஷீட் மாதிரி கெட்டியான துணியை அடியில வைக்கிறீங்கன்னா இதுதான் சரி.
* 100/16: ஜீன்ஸ் துணியில தைக்கும் க்வில்ட்டுக்கு.

'க்வில்ட்டிங்' என்றே தனி ஊசியும் இருக்கு. முனை மெல்ல மெல்லக் கூராகும் என்பதால், பல தையல் சேரும் இடத்திலும் துணியைக் கிழிக்காமல் இறங்கும். பழைய டி-ஷர்ட்களை வெட்டித் தைக்கிறீங்களா? பனியன் துணிக்கு முனை உருண்ட 'பால் பாயின்ட்' ஊசி வேணும். கூரான ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுடும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கான ஊசியில தண்டின் ஒரு பக்கம் தட்டையா இருக்கும். பாக்கெட்டில் '130/705 ஹெச்' என்று போட்டிருக்கும். கார்மென்ட்ஸ் மெஷின் ஊசியில தண்டு முழுக்க உருண்டை. மாத்தி வாங்கிடாதீங்க. சந்தேகமா இருந்தால் பழைய ஊசியைக் கடைக்குக் கையோட கொண்டுபோங்க. காதுக்குள் நூல் எந்தப் பக்கமிருந்து நுழையுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் தட்டைப் பகுதி வரணும்.

உடைஞ்சா விடாதீங்க

பக்கத்துல திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகள்ல ஊசி உடைஞ்சா, எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் தேடுவாங்க. கிடைக்கலைன்னா அந்தத் துணி ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குப் போகும். குழந்தைக்குப் போர்த்தும் க்வில்ட்டில், பஞ்சுக்குள்ளே ஒரு முனை மாட்டினால் வெளியே தெரியவே தெரியாது. அதனால் துண்டுகளைச் சேர்த்துவெச்சு முழு ஊசி ஆகுதான்னு பாருங்க. குறைஞ்சால் காந்தம் வெச்சுத் தேடுங்க. கிடைக்கலைன்னா தையலைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் வழி. தைக்கும்போது துணியைப் பின்னாடியிருந்து இழுக்காதீங்க. ஊசி வளைஞ்சு தகட்டில் மோதி உடையறது பெரும்பாலும் அப்போதான்.

சுமார் எட்டு மணி நேரம் தைச்சதும் ஊசியை மாத்திடுங்க. 'டப் டப்'னு சத்தம் கேட்டால் அதுக்கு முன்னாடியே!