பாக்கு நீரிணையில் ஆற்றல் தேவையும் இந்திய வெளியுறவுக் கொள்கையும்

வளர்ந்துவரும் ஒரு நாட்டின் எரிபொருள், மின்சாரத் தேவைகள் அதன் வெளியுறவுக் கொள்கையை வடிவமைக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தை ஒட்டிய பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தொலைவே உள்ளது.

பின்னணி

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆகவே எண்ணெய் விற்கும் நாடுகளுடன் நல்லுறவு, கப்பல் வழிகளின் பாதுகாப்பு, அண்டை நாடுகளில் பிற வல்லரசுகள் காலூன்றாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் இந்தியாவுக்கு இன்றியமையாதவை. உக்ரைன் போர் தொடங்கிய 2022 முதல், மேற்கு நாடுகளின் அதிருப்தியைப் பொருட்படுத்தாமல் உருசிய எண்ணெயைப் பெருமளவில் வாங்கியது முதலாவதற்குச் சான்று. மற்ற இரண்டிலும் இலங்கை முக்கிய இடம் பெறுகிறது. இந்தியப் பெருங்கடலின் கிழக்கு மேற்குக் கப்பல் பாதை இலங்கையின் தென்கரையை ஒட்டிச் செல்கிறது. அங்குள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்றது.

கடல் எல்லை ஒப்பந்தங்கள்

1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாக்கு நீரிணையிலும், 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா ஆகியவற்றிலும் கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு பற்றியே பெரிதும் பேசப்படும் இவ்வொப்பந்தங்களில் எண்ணெய் வளம் பற்றிய பிரிவும் உண்டு. எண்ணெய் அல்லது எரிவாயுப் படுகை எல்லையின் இருபுறமும் பரவியிருந்தால், அதைப் பயன்படுத்தும் முறை குறித்து இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. 2011-இல் மன்னார் படுகையின் இலங்கைப் பகுதியில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயு இருப்பதைக் கண்டறிந்தது.

மூன்று தீவுகள்

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளி, காற்று மின் நிலையங்கள் அமைக்கும் பணியை 2021 சனவரியில் இலங்கை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கியது. நெடுந்தீவு இராமேசுவரத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு இறுதியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியா அதைத் தானே ஏற்றது. 2024-இல் 1.1 கோடி டாலர் இந்திய நன்கொடையில், பெங்களூரு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இத்திட்டத்தின் மொத்தத் திறன் 2,230 கிலோவாட் மட்டுமே. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட், அதாவது ஏறத்தாழ 290 மடங்கு. தீவுகளில் உற்பத்தியாகும் மின்சாரம் இந்தியாவுக்கு வரப்போவதும் இல்லை. தன் கரைக்கு எதிரே யார் நிற்பது என்பதே இந்தியாவின் கவலையாக இருந்தது.

திருகோணமலையும் மின் இணைப்பும்

ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது பற்றி 1987 இந்திய இலங்கை உடன்பாட்டுக் கடிதங்களிலேயே பேசப்பட்டது. 2022 சனவரியில் இதற்கான புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த அவ்வேளையில், எரிபொருள் வாங்க 50 கோடி டாலர் கடனும் இந்தியா வழங்கியது. 2025 ஏப்ரலில் இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் இணைக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்பு ஆராயப்பட்ட வழித்தடங்களில் ஒன்று, மதுரையிலிருந்து இராமநாதபுரம் மாவட்டப் பனைக்குளம் கடற்கரை வழியாகக் கடலுக்கடியில் இலங்கைக்குச் செல்வது.

கடலோர மக்களின் நிலை

இரு கரைகளிலும் இத்திட்டங்கள் எதிர்ப்பைச் சந்தித்துள்ளன. மன்னாரில் அதானி குழுமம் அமைக்கவிருந்த காற்றாலைகள் வலசைப் பறவைகளின் பாதையைப் பாதிக்கும் என இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. மின் விலை குறித்தும் சர்ச்சை எழ, 2025 பிப்ரவரியில் அக்குழுமம் விலகியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட அனுமதியும் 2025-இல் எதிர்ப்புக்கு உள்ளானது.

மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக உள்ளது. மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் மக்கள் இரு கரைகளிலும் உள்ளனர். 1974, 1976 ஒப்பந்தங்கள் தலைநகரங்களுக்கிடையே முடிவானவை. அவற்றின் விளைவை இன்றும் கடலில் எதிர்கொள்பவர்கள் மீனவர்கள். புதிய ஆற்றல் ஒப்பந்தங்களிலும் அவர்களுடைய கருத்து முன்கூட்டியே கேட்கப்படுமா என்பதே இப்பகுதியின் முதன்மையான கேள்வி.