கேப்டன் வெச்ச காபி கப்!

பனி கொட்டும் ஊர்களில் விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு குளியல் சீன் உண்டு. கிரேன் மாதிரி கை நீளும் லாரியில் நின்றபடி ஒருத்தர், ஆவி பறக்கிற ஆரஞ்சு கலர் திரவத்தை இறக்கை மேல் பீய்ச்சி அடிப்பார். பனி ரொம்ப என்றால், மேலே பச்சை கலரில் கொழகொழன்னு இன்னொரு கோட்டிங்.

ஆரஞ்சுக்குப் பேர் டைப் 1. கிளைக்காலும் தண்ணீரும் கலந்த சூடான கலவை. ஒட்டியிருக்கிற பனியை உருக்கித் தள்ளிவிடும். ஆனா ரசம் மாதிரி தண்ணியா இருப்பதால் சீக்கிரம் வழிஞ்சு போயிடும். பச்சை, டைப் 4. கெட்டியா நின்னு, புதுசா விழுகிற பனி உறையாம கொஞ்ச நேரம் தாங்கும். விமானம் வேகம் பிடிக்கும்போது காற்றே அதை வழிச்சு எடுத்துடும்.

துளி பனிக்கு இவ்வளவு பில்டப்பா? சொரசொர உப்புத்தாள் கனத்துக்குப் பனி ஒட்டினாலே போதும். இறக்கையின் தூக்குவிசை 30 சதவிகிதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவிகிதம் வரை கூடலாம்!

இனிமேதான் மேட்டரே. மேலே எழும்ப, இறக்கையின் பின்பக்க ஃபிளாப்பையும் முன்பக்க ஸ்லாட்டையும் நீட்டி வைக்கணும். அப்ப, நீட்டி வெச்சே திரவத்தை அடிச்சுட்டா வேலை முடிஞ்சுதே?

அங்கதான் சிக்கல். நீட்டிய ஃபிளாப்பும் ஸ்லாட்டும் செங்குத்தாகச் சரிஞ்சிருக்கும். திரவம் வேகமா வழிஞ்சிடும். டாக்ஸிவேயில் சக்கரம் வாரியிறைக்கிற பனிச்சேறு இடுக்குகளில் போய் அப்பிக்கும். அதனால பல விமானங்களில் ரெண்டையும் மடக்கி வெச்சு திரவம் அடிச்சு, ஓடுபாதைக்குப் பக்கத்தில் போய்த்தான் நீட்டுவாங்க.

சரி, நீட்ட மறந்துட்டா?

1987 ஆகஸ்ட் 16, டெட்ராய்ட். பனி கினி எதுவும் இல்லாத கோடைக்காலம். நார்த்வெஸ்ட் 255 விமானத்தில் ஃபிளாப்பை நீட்டாமலே கிளம்பிட்டாங்க. கத்தியிருக்க வேண்டிய அலாரத்துக்கு கரன்ட் இல்லை. தரையில் இருந்த 2 பேரையும் சேர்த்து 156 பேர் பலி. விமானத்தில் தப்பியது 4 வயசுச் சிறுமி ஒருத்திதான்.

இப்ப காபி கப்புக்கு வருவோம். 1992 மார்ச் 22 ராத்திரி, நியூயார்க் லாகார்டியா. யூஎஸ்ஏர் 405, ஃபோக்கர் எஃப்28 ரக விமானம், 51 பேர். ரெண்டு தடவை குளியல் முடிஞ்சது. டாக்ஸி முடியுற வரை ஃபிளாப் மடங்கியே இருக்கட்டும்னு முடிவு செய்த கேப்டன், மறக்காம இருக்க ஒரு காலி காபி கப்பை ஃபிளாப் நெம்புகோல் மேலேயே கவிழ்த்து வெச்சார். கப் தன் வேலையைச் செஞ்சது. ஃபிளாப் ஒழுங்கா நீண்டது.

காலை வாரியது க்யூ. கடைசிக் குளியல் முடிஞ்சு கிளம்புறதுக்குள் சுமார் 35 நிமிஷம் ஓடிப்போச்சு. அதற்குள் இறக்கையில் மறுபடி பனி. எஃப்28க்கு ஸ்லாட்டே கிடையாது, அந்த மாதிரி இறக்கைக்குப் பனி ஆகவே ஆகாது. எழும்பின வேகத்தில் தடுமாறி ஃபிளஷிங் விரிகுடாவில் விழுந்தது. 27 பேர் இறந்துபோனாங்க.

பனி இல்லைனு உறுதி செய்யாம கிளம்பினது தப்புதான் என்றது விசாரணை அறிக்கை. ஆனா இப்படித் தாமதமானா என்ன செய்யணும்னு பைலட்களுக்குச் சரியான வழிமுறையே தராத விமானத் துறையையும் அரசு அமைப்பையும் அது விட்டுவைக்கலை. நியாயம்தானே?

அதுக்கப்புறம்தான் அமெரிக்காவில் விதிகள் இறுகின. எந்தத் திரவம், எந்தக் குளிரில், எப்படிப்பட்ட பனியில் எத்தனை நிமிஷம் தாங்கும்னு பைலட் கையில் அட்டவணை இருந்தாகணும். ஃபிளாப், ஸ்லாட்டை முன்கூட்டியே நீட்டிட்டா அதுக்குத் தனி அட்டவணை. வழக்கமான நேரத்தில் 76 சதவிகிதம்தான் கணக்கு. 40 நிமிஷம் தாங்கும்னா, சுமார் 30 நிமிஷம்தான். அதைத் தாண்டியும் க்யூவில் நின்னா, இறக்கை சுத்தமா இருக்கானு மறுபடி பார்க்கணும். சந்தேகம்னா திரும்பிப் போய் இன்னொரு குளியல்.