உடலும் ஊரும் – 9: நகரத்தில் எண்ணிக்கை, தோட்டத்தில் தாமதம்

"எங்க பாட்டி காலத்துல தோட்டத்துல யாருக்குப் புற்றுநோய் வந்துச்சு? டவுனுக்கு வந்தோம், கண்டதையும் தின்னோம், இப்ப வீட்டுக்கு ஒருத்தருக்கு வருது."

பாகான் டத்தோ வட்டாரத்தில் ஏதாவது ஒரு துக்க வீட்டுப் பந்தலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன், ரூங்கூப், செலெக்கோ என எங்கே போனாலும் இதே கணக்குதான்: தோட்டம் என்றால் ஆரோக்கியம், பட்டணம் என்றால் நோய். போன வாரம் சர்க்கரை நோயைப் பார்த்தபோது இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வந்தது. புற்றுநோய்க்கு அது பாதிதான் சரி. மீதிப் பாதியில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவகம் முதலில் வெளியிட்டது 2002ஆம் ஆண்டின் கணக்கை. பினாங்கு மட்டும் 1994லிருந்தே தனிப் பதிவேடு வைத்திருந்தது. தேசியக் கணக்குப்படி 2012 முதல் 2016 வரை புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,15,238 பேர். அடுத்த ஐந்தாண்டில், 2017 முதல் 2021 வரை, 1,68,822 பேர். இந்த ஏற்றம் முழுவதும் நோயின் ஏற்றமல்ல. மக்கள்தொகை கூடியது, முதியவர்கள் பெருகினார்கள், பதிவும் முன்பைவிட ஒழுங்கானது.

பதிவு எப்படி நடக்கிறது? சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த ஆய்வுக்கூடமும் சிகிச்சை தந்த மருத்துவமனையும் தகவல் கொடுத்தால்தான் பெயர் ஏறும். மருத்துவமனை வாசலை மிதிக்காதவருக்கு அதில் இடமில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு பாட்டிக்குக் கன்னம் வீங்கி, புண் வைத்து, கஞ்சி இறங்காமல் லயத்து வீட்டிலேயே உயிர் போகும். குடும்பத்தார் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சாவைப் பதிவார்கள். மருத்துவர் பார்க்காத சாவு. காரணம் என்ற இடத்தில் முதுமை என்று எழுதப்படும். "அப்போது யாருக்கும் வரவில்லை" என்று நாம் சொல்வதில் இந்தப் பாட்டியும் அடக்கம்.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல் வரும் நோய். 1957இல் மலாயாவில் ஓர் ஆண் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் சுமார் 56. மலேரியா, காசநோய், பிரசவம் ஆகியவற்றைத் தாண்டி, புற்றுநோய் வரும் வயதுவரை வாழ்ந்ததே அன்று அதிர்ஷ்டம். இன்று ஆண்கள் 70ஐயும் பெண்கள் 75ஐயும் சாதாரணமாகத் தாண்டுகிறார்கள். அதனால்தான் ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது நிபுணர்கள் வயது வேறுபாட்டைச் சமன்செய்த விகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள். இளைஞர்கள் வெளியேறி முதியவர்கள் மட்டும் தங்கிவிட்ட பாகான் டத்தோவையும் வேலைக்கு வந்த இளைஞர்கள் நிறைந்த கிள்ளானையும் வெறும் தலைக்கணக்கில் ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வித்தியாசம் மிஞ்சுகிறது. ஆனால் அது 'கூட, குறைய' என்பதோடு முடிவதில்லை. எந்த உறுப்பில் வருகிறது என்பதில்தான் ஊர் தெரிகிறது.

தமிழ்நாட்டில் இதைத் தெளிவாகக் காணலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்துக்கான பதிவேட்டை நடத்திவருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2003இல் கிராமங்களுக்கான பதிவு தொடங்கியது. இரண்டும் ஒரே மாநிலம், ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு. ஆனால் திண்டுக்கல் கிராமங்களில் பெண்களிடம் முன்னே நின்றது கருப்பைவாய்ப் புற்று. சென்னையில் அது ஆண்டுக்காண்டு இறங்க, மார்பகப் புற்று ஏறி முதலிடத்தைப் பிடித்தது. சின்ன வயதுக் கல்யாணம், நிறையப் பிள்ளைகள், பரிசோதனை வசதியின்மை ஆகியவை முதலாவதைக் கூட்டுகின்றன. தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள், குறைந்த தாய்ப்பால், கூடிய உடல் எடை ஆகியவை இரண்டாவதைக் கூட்டுகின்றன. மலேசியாவிலும் இதே நகர்வு நடந்திருக்கிறது. 2003 கணக்கில் பெண்களிடம் இரண்டாம் இடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்று பிறகு பெருங்குடல் புற்றுக்கு வழிவிட்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. மார்பகப் புற்று எல்லா இனப் பெண்களிடமும் முதலிடத்தில் இருக்கிறது.

ஆனால் மலேசியத் தமிழர்களுக்கென்றே தனியாகத் தெரியும் புற்று ஒன்று உண்டு. அது வாயில் வருவது.

1993-94இல் நாடு முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருந்தன. சீனர்களில் அது 0.5 விழுக்காடு. சபா, சரவாக் பூர்வகுடிகள் இரண்டாவதாக வந்தார்கள். இரு தரப்பிலும் பொதுவாக இருந்தது பாக்கு மெல்லும் பழக்கம். சீனர்களை அதிகம் தாக்குவது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்று. அதன் காரணங்கள் வேறு. தமிழ்ப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் கன்னத்தின் உட்புறம், வெற்றிலையை அடக்கி வைக்கும் அதே இடத்தில்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களின் மூட்டையோடு வெற்றிலைப் பழக்கமும் வந்தது. தோட்டத்து வேலைநேரம் அதை இறுக்கிப் பிடித்தது. விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போகிற பெண் சுருக்குப்பையை அவிழ்ப்பாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, சீவிய பாக்கைப் போட்டு, மேலே ஒரு துண்டுப் புகையிலை வைத்து மடித்துக் கன்னத்தில் ஒதுக்குவாள். பாக்கிலுள்ள அரிகோலின் தூக்கத்தை விரட்டும், பசியை மந்தமாக்கும். பத்து மணிவரை பால் வெட்ட அது போதும். வெயிலேறும்போது இன்னொன்று, பால் நிறுத்துப் போட்டபின் மற்றொன்று, ராத்திரி கன்னத்தில் அடக்கியபடியே தூக்கம். காலையில் எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு மறுபடியும் சுருக்குப்பை.

இந்த மடிப்புக்குள் நடப்பது என்ன? சுண்ணாம்பு பாக்கின் சத்தை வாய்த்தோலுக்குள் வேகமாக இறக்குகிறது. செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களையும் உண்டாக்குகிறது. புகையிலை தன் நஞ்சைச் சேர்க்கிறது. பாக்கு, கன்னத்து உட்தசையில் நாரைப் பெருக்கி இறுக்குகிறது. முதலில் மிளகாய்க் காரம் தாங்காது, எரியும். பிறகு வாய் மெல்ல மெல்லத் திறக்க மாட்டாமல் போகும். மூன்று விரலை நிறுத்தி வைக்க முடிந்த வாயில் இரண்டு விரல்தான் நுழையும். சிலருக்கு வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு தெரியும். வலி இருக்காது என்பதுதான் ஆபத்து. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட மோசமானது.

"புகையிலை இல்லாமல் வெறும் பாக்குதானே" என்ற சமாதானமும் நிற்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985லேயே குற்றவாளியாக்கியது. 2003இல் கூடிய நிபுணர் குழு, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையும் புற்றை உண்டாக்குபவை என்று உறுதிப்படுத்தியது. ஆண்களுக்கு இன்னொரு கூட்டு இருந்தது: சம்சுவும் சிகரெட்டும். மதுவும் புகையும் வாயில் சேரும்போது ஆபத்து கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது.

இன்னொரு குற்றவாளியையும் தோட்டத்தார் காட்டுவார்கள்: மருந்தடிப்பு. செம்பனைக்கு அடியில் களைக்கொல்லி அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதுகில் தொம்பு, முகத்தில் ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. தெனகானித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் இந்தப் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்தார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அரசு 2002இல் தடைசெய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. அது நகத்தையும் தோலையும் அரிக்கும், விழுங்கினால் நுரையீரலைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்ற ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல. கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை 2015இல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 'அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது. அங்கே பேசப்படுவது வாய்ப்புற்று இல்லை, நிணநீர்ப் புற்று. தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் கேட்டுப் போராடுவது நியாயம். அந்தக் கோபத்தில் கன்னத்தில் இருக்கும் பாக்கை மறந்துவிடக் கூடாது.

இங்கே நகரம், கிராமம் என்ற பிரிவே குழம்புகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. ஜனங்கள் தெலுக் இந்தானுக்கும் ஈப்போ புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பாக்கு மெல்லத் தொடங்குவதற்கும் புற்று தலைகாட்டுவதற்கும் இடையே இருபது முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். பதினைந்து வயதில் தோட்டத்தில் சுருக்குப்பையைக் கையிலெடுத்த பெண் ஐம்பத்தைந்து வயதில் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி மருத்துவமனைக்குப் போகிறாள். பதிவேட்டில் அவள் நகரவாசி. முகவரி இன்றையது, நோய் நேற்றையது. சுகாதார அமைச்சு 1997இல் வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கி, தீபகற்பத்தின் இந்தியத் தோட்டங்களைக் குறிவைத்தது சரியான முடிவுதான். ஆனால் அந்த நேரத்தில் தோட்டங்களே காலியாகிக்கொண்டிருந்தன.

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். நம் நாட்டில் 2012-2016இல் நிலை தெரிந்த புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டன. அடுத்த ஐந்தாண்டில் அது 65.1 ஆனது. மருத்துவமனைகள் கூடியும் நாம் தாமதமாகவே போகிறோம். இந்தத் தாமதம் பல நாடுகளிலும் கிராமத்தை அதிகம் அடிக்கிறது. பணக்கார அமெரிக்காவிலேயே, 2017இல் வெளியான அரசுக் கணக்குப்படி, கிராமங்களில் புற்றுநோய் காண்பது நகரத்தைவிடக் குறைவு. சாவு மட்டும் அதிகம். இலட்சம் பேருக்கு நகரத்தில் 158, கிராமத்தில் 180.

பாகான் டத்தோவில் இந்தத் தாமதம் எப்படி உருவாகிறது? பணத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அரசு கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். இடிப்பது தூரமும் நாள்கூலியும். ஊர் கிளினிக்கிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனை, அங்கிருந்து ஈப்போ, சில சிகிச்சைக்கு அதற்கும் அப்பால். ஒவ்வொரு தேதிக்கும் ஒருநாள் சம்பளம் போகும், மகன் லீவு போட வேண்டும், இல்லையென்றால் வாடகைக் கார். "வலிக்கலையே, தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதற்கு இது போதும். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், 40 வயதுக்கு மேற்பட்ட, அரசின் உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்கு இலவசப் பரிசோதனை உண்டு. புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட்டும், போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் கிடைக்கும். தகுதியிருந்தும் இதைக் கேள்விப்படாத குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

தாமதத்தை உடைக்க முடியும் என்பதற்குச் சாட்சியம் நம் தாய்மண்ணில் இருக்கிறது. திண்டுக்கல் கிராமங்களில் 2000லிருந்து, பயிற்சி பெற்ற தாதியர் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் சாவு 35 விழுக்காடு குறைவு. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. எந்தப் பெரிய இயந்திரமும் அங்கே போகவில்லை.

மார்பகத்துக்கு மெமோகிராம் வேண்டும், குடலுக்கு உள்நோக்கிக் கருவி வேண்டும். வாய்க்கு வெளிச்சமும் இரண்டு விரலும் போதும். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கிற ஊரில், பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் குழு ஒன்றை உட்கார வைக்கக் கோயில் நிர்வாகம் ஒரு கடிதம் எழுதினால் போதும். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை, காரணமில்லாத சிவப்பு, மூன்று விரல் நுழையாத வாய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அம்மா "ஒண்ணுமில்லைப்பா" என்பார். அதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

நகரத்தில் எத்தனை, கிராமத்தில் எத்தனை என்று எண்ணுவது அரசுக்குத் தேவைதான். பாகான் டத்தோவுக்கு அதைவிடத் தேவையான கணக்கு ஒன்றுண்டு: இந்த மாவட்டத்தில் கண்டறியப்படும் வாய்ப்புற்றுகளில் எத்தனை முதல் நிலையிலேயே பிடிபடுகின்றன? சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமும் ஆண்டுதோறும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

(தொடரும்)

அடுத்த வாரம்: தோட்டத்து மருத்துவமனையும் டிரெஸரும் – ஒரு சுகாதார அமைப்பு எழுந்து மறைந்த கதை