சுவர் தாண்டும் பேஸ்

ஸ்டீரியோவில் அதிகப் பாரம் தூக்குவது பேஸ். அதே சத்தத்தில் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 10 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு திறன் தர வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் அங்கே திணறுவதில் வியப்பில்லை. இந்தப் பாரத்தைப் பிரித்து வாங்கிக்கொள்ளவே சப்வூஃபர். ஆனால் கிராஸ்ஓவர் வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைப் பழைய ஸ்பீக்கர்களிடமிருந்து விலக்கினால்தான் அவற்றின் சுமை குறையும். வெறுமனே ஒரு பெட்டியைக் கூடுதலாக வைத்தால் சத்தம் மட்டுமே கூடும்.

தனி ஆம்ப் இல்லாத சப்வூஃபரைப் பழைய ஸ்பீக்கரோடு ஒரே முனையில் இணைப்பது ஆபத்து. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில் 2 ஓம் ஆகிவிடும். குறைந்தது 4 ஓம் என்று பின்புறம் அச்சிட்டிருக்கும் ஆம்ப் அதில் கொதிக்கும், கருகவும் கூடும்.

வாங்கும்போதே ஏமாற்று தொடங்குகிறது. பெட்டியில் ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்றிருக்கும். வீட்டின் 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தரக்கூடியதே 1,380 வாட்ஸ்தான். பி.எம்.பி.ஓ. என்பது கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்தான். கேட்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவு. அதை பில்லில் எழுதி வாங்கி, பெட்டியையும் படம் எடுத்து வைப்பது நல்லது. சொன்னது பொய்யானால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

பெரிய சிக்கல் அடுக்குமாடியில். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடை அல்ல. பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர் பாதம் தரையில் இறங்கும் அதிர்வைக் குறைக்கும், காற்றில் போகும் பேஸை நிறுத்தாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அறை மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து அளவைக் குறைத்தால், கேட்பவருக்கு இன்பம் குறையாது, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் குறையும்.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்-ஏ. தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக்கருவியின் சத்தம் அவ்விடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபல்-ஏ-க்கு மேல் தாண்டக்கூடாது. விதி தெளிவுதான், அளவுகோலில்தான் ஓட்டை. ‘ஏ’ அளவு தாழ்ந்த ஒலிகளைக் கழித்தே கணக்கிடும். 40 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவு சுமார் 35 டெசிபல். கட்டிலை அதிரவைக்கும் 80 டெசிபல் பேஸ் மீட்டரில் 45 என்று காட்டும். வரம்புக்குள் வந்துவிடும்!

எனவே புகார் எழுதுபவர் ஒற்றை எண்ணை நம்பியிருக்க வேண்டாம். தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவிலும் அளந்து வைக்கலாம். எந்த நாள், எத்தனை மணி முதல், எது அதிர்ந்தது, யார் தூங்கவில்லை என்ற குறிப்பு அதைவிட வலுவானது. முதலில் நேரில் பேசலாம், அடுத்து குடியிருப்போர் சங்கம். சத்தம் அப்போதே நடந்துகொண்டிருந்தால் 112 என்ற அவசர எண். வரம்பைவிட 10 டெசிபல்-ஏ கூடினாலோ, இரவுக் கட்டுப்பாடு மீறப்பட்டாலோ, விதிகளின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் எழுத்துப் புகார் தரலாம். மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி ஆகியோருக்கு அந்தப் பொறுப்பு தரப்படலாம். மீட்டர் கைவிட்டாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். வீட்டில் நிம்மதியாக இருக்க முடிகிறதா என்பதே அங்கே கேள்வி. நாள்வாரியாக எழுதிய அந்தக் குறிப்பே அங்கு சாட்சியாக நிற்கும்.