நுழைந்து பார்க்கும் சிற்பங்கள்

ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள் இப்போது ஒரு சிப்பிக்குள் நுழைந்துதான் விமானம் ஏறுகிறார்கள். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம், நம் கடலையும் தீவுகளையும் நினைவூட்டும் வகையில் சிப்பி வடிவில் எழுப்பப்பட்டது. பரப்பு சுமார் 40,800 சதுர மீட்டர். கூரைத் திறப்புகள் வழியே பகல் வெளிச்சம் உள்ளே வருகிறது. வெளியே நின்றால் அது ஓர் உருவம்; உள்ளே போனால் கட்டடம்.

சிற்பமும் கட்டடமும் ஒன்றாகும் இக்கலையில் நம் முன்னோர் கைதேர்ந்தவர்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள மாமல்லபுரமே சான்று. அங்குள்ள ஐந்து ரதங்களும் பல்லவர் காலத்தில் பாறையைச் செதுக்கி உருவாக்கப்பட்டவை. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை போலவே இருக்கும். அதன் சிறு அறைக்குள் கொற்றவை நிற்கிறாள். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, பக்கத்திலேயே ஒரு கல் யானை!

மகிடாசுரமர்த்தினி மண்டபமோ குன்றைக் குடைந்தது. உள்ளே நின்றால் ஒரு சுவரில் பள்ளிகொண்ட பெருமாள், எதிர்ச்சுவரில் அசுரனோடு போரிடும் துர்க்கை. சிற்பத்தின் நடுவே நாம் நிற்கிறோம்.

கட்டடம் என்றால் கல்லை அடுக்கி எழுப்புவார்கள். இங்கோ, வேண்டாத கல்லை நீக்கிக்கொண்டே போனார்கள். ஒரு தூண் உடைந்தால் அதே பாறையில் அதை மீண்டும் செதுக்க இயலாது. அந்த வேலை நடந்த விதத்தை அறிய, தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலைக்குச் செல்ல வேண்டும். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பான வெட்டுவான் கோயில் அங்கே முற்றுப்பெறாமல் நிற்கிறது. சிகரம் நிறைவாக இருக்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே உள்ளது. மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தீவில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழகம் என்றால் தாத்தா வீடு, கல்யாண மண்டபம், துணிக்கடை என்றாகிவிட்டது. விடுமுறை நாட்கள் உறவினரைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகின்றன. அடுத்த பயணத்தில் ஒரே ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள், பெற்றோர்களே! சிப்பிக்குள் நுழைந்து புறப்படும் பிள்ளைகள், கல்லுக்குள்ளும் நுழைந்து பார்க்கட்டும். ‘இதைச் செய்தவர்கள் நம்மவர்கள்’ என்று பாடநூல் சொல்வதைவிட, அந்தச் சுவரைக் கண்ணெதிரே காண்பது நெடுநாள் நெஞ்சில் நிற்கும்.