சரிவு நிலத்தில் பழைய பாப்கேட் வண்டி: வாங்கும் சங்கமும் ஓட்டும் தொழிலாளியும் அறிய வேண்டியவை

மலைச்சாரலில் பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்குச் சுமைக் கூலி ஆண்டுக்கு ஆண்டு ஏறி வருகிறது. எருவை மேட்டுக்கு ஏற்றவும், அறுவடை செய்த காய்களைப் பாதைக்குக் கொண்டு சேர்க்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்நிலையில், பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடர் ஒன்றைச் சங்கமே வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று நிர்வாகக் குழுவினர் நம்மிடம் யோசனை கேட்பதுண்டு. பேச்சு வழக்கில் பாப்கேட் வண்டி என்று சொல்லப்படுவது இதுவே. வாங்கலாம் என்பதே நமது விடை. ஆயினும், சமநிலத்தில் அடக்கமாக உழைக்கும் இவ்வண்டி, சரிவில் ஒரு சிறு பிழையையும் பொறுப்பதில்லை. ஆகவே அதன் இயல்பை முன்னதாக அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

வண்டியின் அமைப்பு

இவ்வண்டி மலைக்கென்று பிறந்ததன்று. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ராத்ஸே என்னும் ஊரில், சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக் கொட்டகையில் எருவை வாரி அப்புறப்படுத்துவதற்காக 1957-ஆம் ஆண்டில் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தனர். 1960-இல் மெல்ரோ நிறுவனத்தார் அதை நான்கு சக்கர வண்டியாக வளர்த்தனர். 1962-இல் பாப்கேட் என்ற பெயர் வழங்கலாயிற்று. குறுகிய கொட்டகைக்குள், தட்டையான தரையில், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்புவதற்காக அமைந்த வண்டி என்பதை மறத்தலாகாது.

மோட்டார் வண்டிகளைப் போல் இதன் முன்சக்கரங்கள் திரும்புவதில்லை. இடப்பக்கத்துச் சக்கரங்களும் வலப்பக்கத்துச் சக்கரங்களும் தனித்தனியே ஹைட்ராலிக் மோட்டார்களால் இயங்குகின்றன. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓடுகையில், சக்கரங்கள் தரையில் வழுக்கி வண்டி திரும்புகிறது. சமநிலத்தில் இது வசதி. சரிவிலோ, இந்த வழுக்கலே மண்ணைப் பறித்துப் பள்ளம் ஆக்குகிறது. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் அப்பள்ளத்தில் இறங்கினால் வண்டி கவிழ்கிறது.

பளுவான முனை மேட்டுப் பக்கம்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: வண்டியின் பளுவான முனை எப்போதும் மேட்டை நோக்கியே இருத்தல் வேண்டும்.

கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். சால் நிறைந்தால் பளு ஒரு முனைக்கும், வெறுமையாக இருந்தால் மறு முனைக்கும் மாறுகிறது. இவ்வண்டியும் அப்படியே. பக்கெட் காலியாக இருக்கும்போது வண்டியின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது. எஞ்சின் பின்னால் இருப்பதே காரணம். பக்கெட் நிறைந்ததும் ஏறத்தாழ அதே பங்கு முன் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது.

ஆதலால், காலி வண்டி மேட்டில் ஏறும்போது பின்னோக்கி ஏற வேண்டும். இறங்கும்போது முன்னோக்கி இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி முன்னோக்கி ஏற வேண்டும். பின்னோக்கி இறங்க வேண்டும். பக்கெட்டைக் கழற்றி வேறு கருவியைப் பூட்டினால் பளுவான முனை எது என்பதை வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்விதியைச் சார்ந்தவை இன்னும் சில. சரிவில் நேராக ஏறவும் நேராக இறங்கவும் மட்டுமே செய்யலாம்; குறுக்கே ஓட்டுவதும் நடுச்சரிவில் திரும்புவதும் கூடா. பாரத்தைத் தரைக்கு அருகில் தாழ்த்தியே கொண்டு செல்ல வேண்டும். படித்தளங்களின் விளிம்பிலிருந்து, அவ்விளிம்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விலகி நிற்பது நலம். மழை பெய்த மண்ணிலும் ஈரப் புல்லிலும் வேலையை ஒத்திப் போடுவதே லாபம். வண்டி சாயத் தொடங்கினால் பக்கெட்டை உடனே தரையில் இறக்க வேண்டும். வெளியே குதிக்கவே கூடாது. பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கூண்டுக்குள் இருப்பவனே பிழைக்கிறான். குதிப்பவன் வண்டியின் அடியில் அகப்படுகிறான்.

பாரத்தின் அளவையும் சொல்லுதல் வேண்டும். சக்கர வண்டிக்குக் குறிக்கப்படும் பார அளவு, அதைக் குப்புறச் சாய்க்கக்கூடிய எடையில் பாதி. அதுவும் சமநிலத்துக்குக் கூறியது. 1,200 கிலோவில் சாயும் வண்டிக்கு 600 கிலோவே அனுமதி. ஈர மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோ வரை நிறுக்கும். 0.4 கன மீட்டர் கொள்ளும் பக்கெட்டை அதனால் நிரப்பினால் 720 கிலோ ஆகிவிடும். பக்கெட் கொள்ளும் அளவு வேறு, வண்டி தாங்கும் அளவு வேறு என்பது இதனால் புலப்படும்.

சரிவை அளக்கும் முறை

சரிவைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் தவறிப்போகும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையை மேட்டுத் தரையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தால் சட்டத்தை மட்டமாகப் பிடிக்க வேண்டும். மறு முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், அத்தனை சென்டிமீட்டரே சரிவின் சதவீதம். 18 சென்டிமீட்டர் ஏறத்தாழ 10 டிகிரிச் சரிவு; 27 சென்டிமீட்டர் 15 டிகிரி; 36 சென்டிமீட்டர் 20 டிகிரி. சதவீதமும் டிகிரியும் ஒன்றல்ல. 100 சதவீதம் என்பது 45 டிகிரியே ஆகும். வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட வரம்பு இவ்விரண்டில் எதனால் கூறப்பட்டது என்று பார்த்தே ஒப்பிட வேண்டும். வரம்பு புதிய வண்டிக்கும் உறுதியான தரைக்கும் உரியது. பழைய வண்டிக்கும் உழுத மண்ணுக்கும் அதனினும் குறைவாகவே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

தூக்குக் கரங்களின் அபாயம்

கவிழ்வது மட்டுமே அபாயம் அன்று. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1998-இல் இவ்வண்டிகளைப் பற்றித் தனி எச்சரிக்கை ஒன்று வெளியிட்டனர். பக்கெட்டுக்கும் சட்டகத்துக்கும் இடையிலோ, தூக்குக் கரங்களுக்கும் சட்டகத்துக்கும் இடையிலோ நசுங்கி இறந்தவர்களைப் பற்றி அது விரிவாகக் கூறுகிறது. உயர்த்திய கரங்களைக் கடந்து ஓட்டுநர் வெளியே எட்டுகையில் அவர் கால் மிதிகட்டையில் பட்டால், கரங்கள் மேலே விழுந்துவிடும்.

இதைத் தடுக்கவே இருக்கைக் கம்பி உள்ளது. கம்பியை உயர்த்தினாலும் இருக்கையை விட்டு எழுந்தாலும் கரங்களும் சக்கரங்களும் இயங்காமல் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய வண்டிகளில், வேலை தடைப்படுகிறது என்று இந்தச் சுவிட்சைக் கம்பி போட்டு முடக்கிவிடுவோர் உண்டு. பக்கத்து வலைகளைக் கழற்றிவிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், சரிசெய்யும் வரை ஓட்ட விடலாகாது. கரங்களை உயர்த்தி வைத்துப் பழுது பார்க்க நேர்ந்தால், வண்டியோடு வந்த தாங்குக் கம்பியைப் பூட்டிய பிறகே கீழே செல்ல வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். மணி காட்டும் கருவி குறைந்த மணி காட்ட, மிதிகட்டைகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் சந்தேகம் கொள்ளலாம். ஹைட்ராலிக் எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. சமதரையில் நேராக ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அப்பக்கத்து மோட்டார் தளர்ந்திருக்கலாம். சரிவில் அது பெருங்கேடு. கரங்களின் பற்றவைப்புகளில் வெடிப்பு உண்டா, பாதுகாப்புக் கூண்டில் துளையிட்டோ பற்றவைத்தோ இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். துளையிட்ட கூண்டு கவிழும்போது காக்கும் என்று நம்புவதற்கில்லை. கைப்புத்தகம் இல்லையேல் அதைத் தருவித்த பிறகே பணம் கொடுப்பது நன்று.

நாள்தோறும் செய்யும் பராமரிப்பு

தறியில் பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் துணி கோணிப் போவதை நெசவாள அங்கத்தினர் அறிவர். ஒரு பக்கச் சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும் வண்டி அவ்வாறே கோணி நிற்கும். நான்கு சக்கரங்களின் காற்றையும் சக்கர நட்டுகளையும் தினமும் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெயைச் சமதரையிலேயே அளக்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் வறண்டுபோகும். மூட்டுகளுக்கு நாள்தோறும் கிரீஸ் இட வேண்டும். எஞ்சின் அறையிலும் அடித்தகட்டிலும் தங்கும் சருகும் வைக்கோலும் தீப்பற்றக் கூடியவை. மிதிகட்டைகளின் கீழே சேரும் மண்ணும் ஆபத்தானது. இரண்டையும் அன்றன்றே நீக்க வேண்டும்.

ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருப்பதாகத் தோன்றினால் கையால் தடவிப் பார்க்கலாகாது. அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் பாயும் எண்ணெய் ஊசி போல் தோலுக்குள் புகுந்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் தாமதமின்றி அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சங்கத்தின் கடமை

வண்டியைச் சாவியோடு வாடகைக்குத் தருதல் கூடாது. பயிற்சி பெற்ற ஓட்டுநரோடு மட்டுமே அனுப்ப வேண்டும். நாள்தோறும் பார்த்தவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். பழுதுச் செலவுக்கென வாடகை வருவாயில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். நீலகிரி போன்ற மலை மாவட்டங்களில் மண் தோண்டும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால், வேலைக்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்டறிதல் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பெறும் சங்கத்தில், வண்டி சும்மா நிற்பது நஷ்டமாகத் தோன்றும். வேலையை முடித்துத் தரும்படி ஓட்டுநரை எல்லோரும் நெருக்குவர். அந்த நெருக்கடியில்தான் சுவிட்சுகள் முடக்கப்படுகின்றன. குறுக்குச் சரிவில் வண்டி இறங்குகிறது. ஆகவே, இந்தச் சரிவில் ஓட்ட மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால் அதுவே முடிவு என்றும், அதற்காக அவர் கூலியில் ஒரு காசும் குறைக்கப்படாது என்றும் வண்டி வாங்கும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தறியில் அமர்ந்திருப்பவரின் பங்குப் பணமும், சரிவில் பயிரிடுபவரின் பங்குப் பணமும் சேர்ந்து வாங்கும் வண்டி இது. அதை ஓட்டுபவரும் நம் அங்கத்தினர் ஒருவரின் பிள்ளையாகவே பெரும்பாலும் இருப்பார். வண்டியின் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கும் பொதுக்குழு, அவர் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவதைப் பற்றியும் ஒரு மணி நேரம் விவாதிக்கட்டும்.